இடது ஓரத்து நீலப் பொட்டு

"இது ரெண்டு" என்றாள் மஸ்லினா.

"ஒண்ணு" என்றான் ரொஸ்டி.

நுண்ணோக்கியின் அடியில் கிடந்தது ஒரு ஊதாத் திட்டு. ஒட்டிக்கொண்ட இரண்டு உட்கருக்களா, நடுவில் ஒடுங்கிய ஒரே உட்கருவா என்பதுதான் அந்த வியாழக்கிழமைச் சண்டை. மலேசியாவின் கோத்தா பாரு மருத்துவமனையின் திசு ஆய்வுக்கூடத்தில் அவள் டாக்டர். அவள் பார்க்கும் ஸ்லைடுகளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவது அவள் புருஷன் ரொஸ்டியின் வேலை. மலாய் வழக்கில் புருஷனையும் அண்ணனையும் 'அபாங்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அபாங், மூக்குக்கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருங்க. நடுவுல கோடு தெரியல?"

"கோடு உன் கண்ணுல இருக்கு, லினா."

"பந்தயமா? தோத்தவங்க ஒரு வாரம் கடையில நாசி கெராபு நீலச் சோறு வாங்கணும்."

"சரி, வாங்கு."

"நீங்கதான் வாங்கப் போறீங்க. ரெண்டு ரெண்டு பொட்டலமா வாங்குங்க. ரெண்டுன்னா எப்படி இருக்கும்னு அப்பவாவது விளங்கும்."

திசுவின் இடது மேல் ஓரத்தில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, நீல மையில் ஒரு பொட்டு இருந்தது. கையில் எடுத்த எல்லா ஸ்லைடுக்கும், ஸ்கேனுக்குக் கொடுக்கும் முன்பே, அவள் வைப்பதுதான். "சாப்பிட்டு வந்து தீர்த்துக்கலாம்" என்று கீழே இறங்கிப் போனாள். கடைவாசல் வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றபோது அவள் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. அவ்வளவுதான்.

அந்த வருஷம் கூடத்தில் ஒரு கணினிக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. திசுப் படத்தைக் காட்டினால், அதிலுள்ள ஒவ்வொரு உட்கருவையும் அதுவே தனித்தனியாகக் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். நியூரல் நெட்வொர்க் என்பது எஞ்சினியர்கள் வைத்த பெயர். ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றும் காக் ஜா அதைப் 'பிள்ளை' என்றுதான் சொல்வாள். "பிள்ளை இன்னிக்கு என்ன கிழிச்சான்? நேத்து தூசியப் பாத்துக் கருன்னானே!" பிள்ளை சும்மா படிப்பதில்லை. முதலில் மனிதர்கள் கணினிப் படத்தின் மேல் கையால் கோடு போட்டு, இது கரு, இதுவும் கரு என்று ஆயிரக்கணக்கில் காட்ட வேண்டும். நான்கு டாக்டர்கள் அந்த வேலையைச் செய்தார்கள். நெருக்கியடித்துக் கிடக்கும் கருக்களையெல்லாம் மற்ற மூவரும் மஸ்லினா தலையில் கட்டிவிடுவார்கள்.

பத்தாம் நாளே ரொஸ்டி வேலைக்குத் திரும்பினான். வீட்டில் உட்கார முடியவில்லை. கைகளுக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்ததால், அவள் கோடு போட்டு முடித்த நாற்பது ஸ்லைடுகளையும் எடுத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் பளபளவென்று துடைத்தான். மறுபடி ஸ்கேன் செய்து, பழைய படங்கள் இருந்த இடத்தில் புதியவற்றை ஏற்றினான். துடைத்துவிட்டுத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும் என்பது விதி. உயிரோடு இருந்தவரை அவள் விட்டதில்லை. "என் பொட்ட அழிச்சா உங்க மீசைய அழிப்பேன்" என்பாள். பந்தயம் கட்டிய நாற்பத்தொன்றாவது ஸ்லைடை மட்டும் துடைக்க மனம் வரவில்லை. மேசை இழுப்பறையில் வைத்துவிட்டான்.

இரண்டு மாதம் கழித்து எஞ்சினியர் வெய் ஷின் வந்து நின்றாள். வந்த விஷயத்தைச் சொல்லாமல் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லும்மா."

"அபாங் ரொஸ்டி... டாக்டர் முடிச்ச நாப்பது ஸ்லைடுலயும் கோடு எதுவுமே கரு மேல உக்காரல. பக்கத்துல விழுது. பெரிய டாக்டர் என்ன சொல்றாருன்னா, அந்த ரத்தக்குழாய் பல மாசமா வீங்கி இருந்திருக்கலாமாம். பார்வை கெட்டிருக்குமாம். அவங்க கோடுகள எடுத்துடலாம்னு..."

ரொஸ்டி அவளுடைய காலி நாற்காலியைப் பார்த்தான். பல மாதமா? அத்தனை மாதமும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் அவன்தானே. அவள் கண் மங்கியது தெரியாமல், கோடு உன் கண்ணில் இருக்கிறது என்று கேலி வேறு செய்திருக்கிறான்.

"ஒரு நாள் குடு. நான் பாத்துக்கறேன்" என்றான்.

மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொரு படமாகத் திறந்தான். சொன்னது நிஜம்தான். ஒன்பதாவது ஸ்லைடில் எல்லாக் கோடும் வலது பக்கம், கொஞ்சம் கீழே தள்ளி விழுந்திருந்தன. பத்தாவதில் இன்னும் கொஞ்சம் அதிகம். காக் ஜா பாலில்லாத கோப்பி ஓ கொண்டுவந்து வைத்துவிட்டு, அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஏன் ரொஸ்டி, ஒரு ஸ்லைடுக்குள்ள எல்லாமே ஒரே அளவுக்குத் தள்ளியிருக்கே?"

"அதான் பார்வை கெட்டுப் போச்சுன்னு சொல்றாங்களே."

"எந்தப் பார்வை? எங்க மாமியாருக்குக் கண்ணுல புரை. தேத்தண்ணி ஊத்தினா ஒரு தடவ மேசைல ஊத்தும், ஒரு தடவ என் மடில ஊத்தும். அளவெடுத்துத் தப்புப் பண்ற கண்ண நான் பாத்ததில்ல."

கோப்பியைத் தொடாமல் கடைசிப் படத்தைத் திறந்தான். நாற்பத்தொன்று. அந்தத் திட்டைச் சுற்றி மட்டும் கோடு இல்லை. மற்ற ஒவ்வொரு கருவையும் மயிரிழை பிசகாமல் அவள் கோடு சுற்றியிருந்தது. சாவதற்கு அரைமணி முன்பு போட்ட கோடுகள்!

இழுப்பறையைத் திறந்து ஸ்லைடை எடுத்தான். ஓரத்தில் நீலப் பொட்டு.

ஸ்கேனர் வெறும் கண்ணாடியைப் படம் எடுக்காது. நிறம் எங்கே தொடங்குகிறதோ அதையே மூலையாக வைத்து அங்கிருந்து அளக்கும். அவள் ஸ்லைடுகளில் அது பொட்டிலிருந்து அளந்திருக்கிறது. அவன் பொட்டை அழித்ததும் மூலை உள்ளே நகர்ந்துவிட்டது. படம் நகர்ந்துவிட்டது, கோடுகளோ இன்னும் பொட்டிலிருந்தே எண்ணிக்கொண்டிருக்கின்றன.

ரொஸ்டி சிரிக்கத் தொடங்கினான். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. நிறுத்த முடியவில்லை. காக் ஜா பயந்து ஓரடி பின்னால் போனாள்.

"நான்தான், காக் ஜா! தப்புப் பண்ணினது நான்தான்!"

"அதுக்கா இந்த ஆட்டம்? பெரிய டாக்டர் உன் தோல உரிக்கப் போறாரு."

"உரிக்கட்டும். அவ கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு!"

வெய் ஷினுக்குச் சொன்னதும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு ஸ்லைடுக்கு ஒரு தள்ளு. பொட்டு இருந்த பக்கமாகத் தள்ளியதும், டப்பாவில் மூடி உட்காருவதுபோல எல்லாக் கோடும் கருக்களின் மேல் போய் உட்கார்ந்தன. சாயங்காலத்துக்குள் நாற்பதும் முடிந்தன.

"ஒட்டின கருவ இவங்க மாதிரி வேற யாரும் பிரிக்கல" என்றாள் வெய் ஷின். "ஆனா அபாங், இனிமே அந்த ஸ்பிரிட் பாட்டில் என் அலமாரிலதான் இருக்கும்."

பிள்ளையை மறுபடி படிக்க வைத்தார்கள். படித்து முடித்ததும் நாற்பத்தொன்றைக் காட்டினார்கள். ஊதாத் திட்டின் நடுவே, கொஞ்சமும் தயங்காமல், ஒரு கோடு விழுந்தது. இரண்டு.

காக் ஜா கைதட்டினாள். "அம்மா பேச்சு கேக்குற பிள்ளை! எங்க ரொஸ்டி, நாசி கெராபு?"

ஒரு வாரம் வாங்கினான். தினமும் இரண்டிரண்டு பொட்டலம். நீலச் சோற்றைக் காக் ஜாவும் வெய் ஷினும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள்.

கடைசிப் பொட்டலம் தீர்ந்த வியாழக்கிழமை, ரொஸ்டி கைகழுவிவிட்டு வந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நன்றாகத் துடைத்தான். அந்த ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்து வெகுநேரம் பார்த்தான்.

ஒன்றுதான்.