ஞானசிங்கின் துண்டும் கட்லாவின் வழும்பும்

மஸ்கட் வேலையை விட்டு ஊருக்கே திரும்பி வந்த ஞானசிங், திருவட்டாற்றுக்குப் பக்கத்தில் தன் வீட்டுக்குப் பின்னால் குளம் வெட்டிக் கட்லா மீன் வளர்த்தார். வளர்த்தார் என்பதைவிடக் காட்டினார் என்று சொல்வதே பொருத்தம். கல்யாணக் கடிதத்தோடு வந்தவர்களானாலும் சரி, கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரானாலும் சரி, காப்பிக்கு முன்பே குளக்கரைக்குக் கூட்டிப்போய்விடுவார். வலையைப் போட்டு, இருப்பதில் பெரிய கட்லாவைத் தூக்குவார். மஸ்கட்டில் வாங்கிய தடித்த வெள்ளைத் துண்டு ஒன்று எப்போதும் அவர் தோளில் கிடக்கும். அதை எடுத்து மீனைத் தலையிலிருந்து வால்வரை அழுத்தித் துடைப்பார். மேலே கொழகொழவென்று இருக்கும் வழும்போடு பிடித்தால் கை வழுக்கும், சட்டையில் படும், போட்டோவில் அசிங்கமாகத் தெரியும். துடைத்த மீனைப் பிள்ளையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டு சிரிப்பார். மீன் சிரிக்காது.

மீனுக்கு அடுத்தபடியாக அவர் காட்டுவது டெல்சியை. பக்கத்து வீட்டுப் பெண், தகப்பன் இல்லாதவள், பிளஸ் டூ படிக்கிறாள். அவளுடைய ஃபீஸை ஞானசிங்தான் கட்டினார். நல்ல காரியம், ஆண்டவருக்கு அது தெரியும். ஆனால் ஆண்டவருக்கு மட்டும் தெரிந்தால் ஞானசிங்குக்குப் போதவில்லை.

"ஏட்டி டெல்சி, இங்கண வா. சாருக்கு வணக்கம் சொல்லு. தகப்பன் இல்லாத பிள்ளை சார், நாந்தான் படிக்க வைக்கேன். மார்க்கு எவ்வளவுன்னு சொல்லு மக்கா."

டெல்சி ஷாலின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே மார்க்கைச் சொல்வாள். மீட்டர்காரரிடமும் சொல்லியிருக்கிறாள்.

"வாறவனுக்கெல்லாம் மார்க்கு சொல்லி அந்தப் பிள்ளைக்கு வாய் நோவும்" என்பாள் அவர் மனைவி ஜெபமணி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நாலு பேரு பாத்தாத்தான் நாலு பேருக்கு உதவி செய்யத் தோணும்."

2012ஆம் வருஷம் அவர் பெயர் மாவட்டத்தின் சிறந்த மீன் விவசாயி விருதுக்குப் போயிருந்தது. மாசக் கடைசியில் அதிகாரிகள் வந்து குளத்தைப் பார்ப்பார்கள். விருதை வைப்பதற்கு ஹாலில் கண்ணாடி அலமாரி செய்தாகிவிட்டது. உள்ளே பல்பும் போட்டாகிவிட்டது. அப்போதுதான் பெரிய கட்லாவின் விலாவில் செதில் உதிர்ந்து சிவப்பாகப் புண் வந்தது. பிறகு இன்னொன்றுக்கு. பிறகு பலவற்றுக்கு.

ஞானசிங் சும்மா இருப்பாரா? மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் பொடித்துத் தீனியில் கலந்தார். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வாளி வாளியாகக் கரைத்து ஊற்றினார். தண்ணீர் திராட்சை ரசமாக மாறிய கானாவூர் அற்புதம் அவர் குளத்தில் மறுபடியும் நடந்தது. மீனுக்குத்தான் சுகமில்லை. காலையும் மாலையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, நன்றாகத் துடைத்து, புண்ணில் மஞ்சள் தடவி விட்டார். துடைக்கத் துடைக்கப் புண் பரவியது. ஒருநாள் காலையில் இரண்டு மீன் மல்லாந்து மிதந்தன.

மதிலுக்கு அந்தப் பக்கம் சிவதாணுவின் குளம். சிவதாணு பகலெல்லாம் தூங்குகிற மனிதர். அவருடைய மீன்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் ஞானசிங்குக்குப் புண்ணைவிட வலித்தது. தூத்துக்குடியில் மீன்வளம் படிக்கும் சிவதாணுவின் மகள் சபிதா லீவுக்கு வந்திருந்தாள். மதிலோரம் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்க அப்பா என்ன மருந்து போடுகாரு? மறைக்காம சொல்லு மக்கா."

"அப்பாவா? சாயங்காலம் ஒரு கை தவிடு போடுவாரு மாமா. ஞாபகம் இருந்தா."

அவள் வந்து பார்த்தாள். ஞானசிங் வலையைப் போட்டு ஒரு கட்லாவைத் தூக்கினார். கை தானாகத் தோளுக்குப் போயிற்று.

"மாமா, எப்பவும் இப்படித் தொடைப்பியளா?"

"பின்ன? சுத்தம் வேண்டாமா?"

சபிதா மீனை வாங்கித் தண்ணீரில் விட்டாள். பிறகு துண்டை விரித்துப் பார்த்தாள். வழும்பு காய்ந்து கஞ்சி போட்டதுபோல விறைப்பாக இருந்தது.

"மாமா, இந்த வழும்பு வழுக்கதுக்கு மட்டும் உள்ளதில்ல. இதுக்குள்ள மீனு சொந்தமா உண்டாக்குன புரதம் இருக்கு. தண்ணியில உள்ள பாக்டீரியா வந்து ஒட்டுனா, ஒரு வகைப் புரதம் அதுக்க சொவர ஓட்டை போட்டுக் கொல்லும். இன்னொரு வகை, பாக்டீரியாவ எல்லாம் ஒண்ணோடொண்ணு சேத்துக் கட்டிப்போடும். பழைய வழும்பு கழண்டு போவும்போ அந்த பாக்டீரியாவும் சேந்து போயிரும்."

"அப்போ நான் தொடச்சது?"

"மருந்து. மீனு உண்டாக்குன மருந்தத் தொடச்சு எடுத்துட்டு, கடையில வேற மருந்து வாங்கி ஊத்தியிருக்கிய."

ஞானசிங் துண்டை அவளிடமிருந்து வாங்கிச் சுருட்டினார். "இனி என்ன செய்யணும்?"

"பாதித் தண்ணிய மாத்துங்க. தீனியக் கொறைங்க. வேற ஒண்ணும் செய்யாண்டாம், தொடாம இருங்க. வழும்பு திரும்ப ஊறும். அது அதுக்க வேலையப் பாத்துக்கிடும்."

"விருதுக்கு ஆளு வரும்போ பெரியதத் தூக்கிக் காட்டணுமே?"

"தூக்குனா செத்துரும் மாமா."

ஒன்றும் செய்யாமல் இருப்பது ஞானசிங்குக்கு வாழ்க்கையில் யாரும் எழுதிக் கொடுக்காத வைத்தியம். குளக்கரையில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். துண்டு தோளில் கிடந்தால் கை சும்மா இராது என்று ஜெபமணி அதைத் துவைத்து அடுக்களைக்கு எடுத்துக்கொண்டாள். படைத்தவர் மீனுக்கு ஓர் உடுப்பும் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறார். அதை உரிக்காமல் இருந்தாலே போதும் என்பதுபோலப் புண்கள் மெல்ல வெளுத்து மூடத் தொடங்கின.

மாசக் கடைசியில் ஒருநாள் அதிகாரி கேமராக்காரரோடு காலையிலேயே வந்துவிட்டார்.

"பெரிய மீனைத் தூக்குங்க சார், ஒரு போட்டோ எடுக்கணும்."

ஞானசிங்கின் கை தோளுக்குப் போயிற்று. அங்கே துண்டு இல்லை. "வேண்டாம் சார். அது இப்பத்தான் தேறி வருது."

"மீனைக் காட்டாம எப்படி சார் விருது?"

காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் ஞானசிங் இப்படி நின்றதே கிடையாது. அந்த நேரம் பார்த்து வேலியோரமாக டெல்சி புத்தகப்பையோடு போனாள். அவர் வாய் தானாகத் திறந்தது. "ஏட்டி டெல்சி..."

டெல்சி நின்றாள். ஒன்றும் கேட்பதற்கு முன்பே ஷாலின் நுனி விரலில் சுற்றத் தொடங்கியது. எத்தனையோ முறை அவர் கண் முன்னால் சுற்றிய விரல்தான். இன்றைக்குத்தான் அதைப் பார்த்தார்.

"பஸ் வாற நேரமாச்சு. வெரசலா போ மக்கா."

"யாரு சார் அது?" என்றார் அதிகாரி.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை."

'தகப்பன் இல்லாத பிள்ளை' என்கிற மிச்சமும் வரும் என்று டெல்சி சிறிது நேரம் நின்றாள். வரவில்லை. திருப்பத்துக்குப் போனதும் ஷாலை விட்டுவிட்டு ஓடினாள்.

அதிகாரியும் கேமராக்காரரும் மதிலைத் தாண்டிப் போய் சிவதாணுவை எழுப்பினார்கள். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே வலையைப் போட்டு ஒரு மீனைத் தூக்கினார். துடைக்கவில்லை. சட்டையே போடாதவருக்குக் கறை என்ன பொருட்டு? விருது அவருக்கே போயிற்று. அலமாரியில் ஜெபமணி ஊறுகாய் பாட்டில்களை அடுக்கினாள். பல்பு வெளிச்சத்தில் மாங்காய் நன்றாகத் தெரிந்தது.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது ஞானசிங் சொன்னார்: "பாத்தியா, அந்தப் பிள்ளையப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லல்ல."

"நல்லது."

"விருதே போனாலும் சொல்லல்ல. இத ஞாயித்துக்கிழமை சபையில சாட்சியாச் சொன்னா நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கும்."

ஜெபமணி எழுந்து அடுக்களைக்குப் போனாள். அந்த வெள்ளைத் துண்டை எடுத்துவந்து அவர் தோளில் போட்டாள்.

"இந்தாங்க. அந்த நல்லதையும் தொடச்சிருங்க."

ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்ல ஞானசிங் எழுந்தார். எல்லோரும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அவர் தொண்டையைச் செருமி, மழை பெய்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.