சதுர இலை

மூடியிருந்த துணியை விலக்கிக் கல்லைக் குனிந்து பார்த்த தங்கை, "கொம்பு எங்கே?" என்றாள்.

நாலு மணிக்கு அடக்கம். இருபது வருடம் ஆயராக இருந்த களைப்புத் தீர, அண்ணன் பக்கத்துப் பேராலயத்தில் படுத்திருந்தார். கல்லறையை மூடவேண்டிய பளிங்குப் பலகை பட்டறை நடுவே மரச்சட்டத்தில் நின்றது. அதில் அவருடைய இலச்சினை: மேலே அகன்ற தொப்பி, அதிலிருந்து இருபுறமும் ஆறாறு குஞ்சங்கள். ஆயருக்கு ஆறு, பேராயர் என்றால் பத்து. கீழே கேடயம், இடப்பாதியில் ஆடு, மறுபாதியில் மூடிய கதவு. குஞ்சம் ஒன்றுகூடக் குறையவில்லை. வெள்ளாடுதான் செம்மறியாகிவிட்டிருந்தது.

கல்தச்சர் தலையைச் சொறிந்தார். ஆயருக்குச் செம்மறிதானே பொருத்தம், படம் வரைந்தவர் தவறிவிட்டார் என்று நினைத்துக் கொம்பையும் தாடியையும் விட்டுவிட்டாராம். வாயிலிருந்த இலையை மட்டும் அப்படியே வெட்டியிருந்தார்.

அதுவே நல்லது என்றார் ஆயரின் செயலரான இளம் சாமியார். தீர்ப்பு நாளில் செம்மறிகள் வலப்பக்கம், வெள்ளாடுகள் இடப்பக்கம். இடப்பக்கத்தாருக்கு நரகம்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். போதாக்குறைக்கு இங்கேயும் இடப்பாதியில்தான் நிற்கிறது.

தங்கை தலையை ஆட்டி மறுத்தாள். வேறு யாருடைய கல்லுக்கோ கீழே அண்ணனை விட்டுவிட்டுப் போவதா?

"சாமி, கல்லுக்குப் பின்னாடி போய் நில்லுங்க. கேடயத்தை நீங்க பிடிச்சிருக்கறதா வச்சுக்குங்க. பிடிக்கறவர் கைதான் கணக்கு, பாக்கறவங்க கை இல்ல. இப்ப ஆடு எந்தப் பக்கம்?"

சாமியார் இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தார். "வலப்பக்கம்."

"அண்ணன் வேணும்னேதான் அங்க நிறுத்தினாரு."

சாமியார் வெளியே வந்து, நாலு மணிக்குள் முடியுமா என்று கல்தச்சரைக் கேட்டார்.

வெட்டுக்கோடுதானே, சேர்ப்பது சுலபம், அழிப்பதுதான் கஷ்டம் என்று உளியை எடுத்தார் கல்தச்சர். கொம்புக்கு இரண்டு வளைவு, தாடிக்கு மூன்று கீறல். ஆடு சட்டென்று திருட்டு முழி முழித்தது.

"இலை ஏம்மா சதுரமா இருக்கு?" என்று கேட்டார் கல்தச்சர்.

தங்கை சிரித்துவிட்டாள். சாமியார் படிப்புக்குக் குருமடத்தில் சேரச் சொல்லி அண்ணனுக்கு வந்த கடிதத்தை, சேரும் தேதி இருந்த மூலையோடு, அவள் வளர்த்த ஆடு தின்றுவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று சீக்கிரமே கிளம்பிப் போனவர், ஒரு வாரம் முந்திப்போய் மூடிய கதவுக்கு வெளியே பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். ஆயரானபோது அச்சிட்ட இலச்சினை விளக்கக் கையேட்டில் அது விண்ணகக் கதவு. இலை, ஞான உணவு. படித்துவிட்டு அண்ணன் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"அந்த ஆட்டுக்குத்தான் தெரியும்," என்றாள்.

குனிந்து, தாடியில் ஒட்டியிருந்த பளிங்குத் தூளை ஊதினாள்.