பல்செட்டைத் தோற்கடிப்பது எப்படி

அந்தக் குடியிருப்பில் அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது கீழே உள்ள தபால் பெட்டிக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவர் 'பல்செட்'. கேலியாகக்கூட யாரும் வைத்ததில்லை. குடிவந்த புதிதில் தரைத்தளத்து மளிகைக்கடைக்காரர், "சாருக்கு என்ன வேலை?" என்று கேட்டார். "பல்செட் செய்யறேன்" என்றார் இவர். விசாரணை அதோடு முடிந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது.

பொய்யில்லை, அவர் செய்வது அதுதான். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் ஒரு சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து, அதைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் பல் நட்டு, பளபளவென்று தேய்த்துத் திருப்பி அனுப்புவார். மேசை நிறைய வாய்கள். பேசுவதற்குத்தான் ஒரு வாய் கிடையாது. வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே கதை. மகளின் பிரசவத்துக்கென்று கடல் தாண்டிப் போன மனைவி இன்னும் வந்தபாடில்லை. பிறந்த பிள்ளை குப்புற விழுந்து, தவழ்ந்து, இப்போது வீடு முழுக்க ஓடவும் ஆரம்பித்துவிட்டது. இங்கே இவர் தொலைக்காட்சிக்கு எதிரே தட்டை வைத்துக்கொண்டு, செய்தி வாசிப்பவருக்குப் பதில் சொல்லிக்கொண்டு சாப்பிடுவார். மனிதர் தனிமையில் வதங்கிக்கொண்டிருந்தார். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

தரைத்தளத்தில் ஒரு பொதுக்கூடம் இருந்தது. அதில் ஒரு டேபிள் டென்னிஸ் மேசை. கட்டிடம் கட்டியவர்கள் விளம்பரத்தில் 'விளையாட்டு வசதி' என்று போட்டுவிட்ட பாவத்துக்காகக் கடனே என்று வைத்துவிட்டுப் போனது. அதன் மேல் கால் உடைந்த நாற்காலிகளும் காய்ந்த பெயிண்ட் டப்பாக்களும் குடியிருந்தன. பல்செட் கல்லூரி நாட்களில் இதே ஆட்டத்தில் கோப்பை கோப்பையாக வாங்கியவர். ஒரு நாள் அந்த மேசையைப் பார்த்தவருக்குக் கை குறுகுறுத்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போய் அனுமதி கேட்டார்.

"தாராளமா ஆடுங்க சார்" என்றார் செயலாளர். "ஆனா ஒண்ணு. யாரும் வரலேன்னா வருஷக் கடைசியில மேசையைத் தூக்கிடுவோம். சைக்கிள் விட இடமில்லேன்னு உயிரை எடுக்கறாங்க."

அவரே மேசையைத் துடைத்தார். புது வலை வாங்கிக் கட்டினார். லிஃப்டுக்குள் ஒரு அறிவிப்பு ஒட்டினார்: 'உடம்புக்கும் மனசுக்கும் நல்லது. தினமும் மாலையில் டேபிள் டென்னிஸ் ஆடலாம். சிறியவர், பெரியவர், ஆண், பெண் எல்லாரும் வரலாம்.' இந்த மாதிரி அறிவிப்புகளை மனிதர்கள் எப்படிப் படிப்பார்கள் என்பது தெரிந்ததுதான். மாடி வரும் வரைக்கும் படித்துவிட்டு, கதவு திறந்ததும் மறந்துவிடுவார்கள். இருந்தாலும் கடைசியில் சிலர் எட்டிப் பார்த்தார்கள். மளிகைக்கடைக்காரர் தொப்பையைத் தடவிக்கொண்டே வந்தார். மூன்றாவது மாடிக் கல்லூரிப் பெண் வந்தாள். காதில் எந்நேரமும் ஹெட்போன் இருப்பதால் அவளை எல்லாரும் 'ஹெட்போன்' என்றே கூப்பிட்டார்கள். அவளோடு இன்னும் இரண்டு மூன்று இளவட்டங்கள். வேலை முடிந்து வந்த நர்ஸம்மா ஒருத்தர்.

பல்செட்டுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷம் தாங்காமல் அத்தனை பேரையும் அடித்து நொறுக்கினார்.

இதை என்னவென்று சொல்வது! எதிராளிக்கு விட்டுக்கொடுப்பது அவனை அவமானப்படுத்துவது என்று எந்தக் காலத்திலோ யாரோ அவர் மண்டையில் ஏற்றிவிட்டிருந்தார்கள். மரியாதை கொடுக்கிறேன் பேர்வழி என்று அவர் முழு மூச்சாக ஆடினார். பந்து போனது தெரியாமல் நர்ஸம்மா பேட்டைத் தூக்கியபடியே நின்றார். ஹெட்போன் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மளிகைக்கடைக்காரர் மேசைக்கடியில் பந்து பொறுக்கியே இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்குப் பார்க்கலாம்!" என்று பல்செட் உற்சாகமாகக் கையாட்டினார்.

மறுநாள் மளிகைக்கடைக்காரருக்கு முழங்கால் வலி. ஹெட்போனுக்குப் பரீட்சை. நர்ஸம்மா வீட்டுக்கு விருந்தாளி. அதற்கப்புறம் லிஃப்டில் இவர் ஏறினால், உள்ளே இருப்பவர்கள் மாடி எண் மாறுவதையே வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். கூடத்தில் அவர் மட்டும் மேசையின் ஒரு பாதியைச் சுவர் மாதிரி நிமிர்த்திவைத்து, அதோடு ஆடிக்கொண்டிருந்தார். சுவரை மட்டும் அவரால் ஜெயிக்க முடியவில்லை. அது எதையும் விடாமல் திருப்பி அனுப்பியது.

ஞாயிற்றுக்கிழமை மனைவி போனில் வந்தாள். பின்னால் குழந்தை எதையோ உருட்டிக்கொண்டிருந்தது.

"ஜனங்களுக்கு விளையாட்டுல ஆர்வமே இல்லம்மா" என்று இவர் அலுத்துக்கொண்டார். "எல்லாம் போனைத் தேய்க்கத்தான் லாயக்கு."

"வந்தாங்களே, ஆடினாங்களே. எப்படி ஆடினாங்க?"

"என்னத்த ஆடினாங்க. அந்தக் கடைக்காரர் மட்டும் ஒரே ஒரு பாயின்ட் எடுத்தார்."

"அதை மட்டும் ஏன் விட்டீங்க? அதையும் பிடுங்கிட்டு அனுப்பியிருக்கலாமே" என்றாள் அவள். அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது. "கல்யாணமான புதுசுல என்னைக் கேரம் ஆடக் கூப்பிட்டீங்க, ஞாபகம் இருக்கா? நான் ஒரு காய் போடறதுக்குள்ள பலகையையே காலி பண்ணிட்டீங்க. அப்புறம் என்னிக்காவது நான் கேரம் ஆடி நீங்க பார்த்திருக்கீங்களா?"

"அது எப்பவோ நடந்தது."

"நீங்க அன்னிக்கு ஜெயிச்சதோட சரி. அந்தப் பலகையில நான் மாவுச் சல்லடையைக் காயவைச்சேன். ஐயோ, இவன் சுவிட்ச்ல கையை வைக்கறான், நான் அப்புறம் பேசறேன்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. பல்செட் வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவள் கேரம் ஆடாததை இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாளும் கவனித்ததில்லை. அவளுக்குப் பிடிக்காது என்றே நினைத்திருந்தார்.

அடுத்த நாள் சோப்பு வாங்குகிற சாக்கில் கடைக்குப் போனார். போகும்போதே மணிக்கட்டில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டார்.

"கை பிசகிடுச்சு" என்று முகத்தைச் சுளித்தார். "இனிமே பழைய மாதிரி ஆட முடியாதுங்க. இப்ப நீங்க வந்தா என்னைக் கிழிச்சுடலாம்."

கடைக்காரரின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை அவர் பார்த்தார். முழங்கால் வலி அன்று சாயங்காலமே பறந்துவிட்டது.

தோற்பது லேசு என்று நினைப்பவர்கள் ஒழுங்காகத் தோற்றுப் பார்த்ததில்லை. அப்பட்டமாக விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். எதிராளி ஓடி வந்து சரியாக அடிக்கிற உயரத்தில், அடிக்கிற பக்கத்தில் பந்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவர் அடித்த பிறகு ஓடவும் வேண்டும், எட்டாமல் போகவும் வேண்டும். 'அடடா!' என்று வருத்தப்படவும் வேண்டும். கோப்பை வாங்கிய காலத்தில்கூட பல்செட் இவ்வளவு வேர்த்ததில்லை. கடைசிப் புள்ளியில் கடைக்காரர் அடித்த பந்து மேசை ஓரத்தைத் தொட்டுப் போனபோது அவர் போட்ட கூச்சலில் மாடிகளில் கதவுகள் திறந்தன.

அப்புறம் கேட்க வேண்டுமா! கடைக்கு உப்பு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் உப்போடு சேர்த்து அந்தக் கதையையும் கட்டிக் கொடுத்தார் அவர். பல்செட்டையா? ஆமாம், பல்செட்டைத்தான். அப்படியானால் நானும் பார்க்கிறேன் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். ஹெட்போன் காதிலிருந்ததைக் கழற்றி ஜன்னலில் மாட்டிவிட்டு ஆடினாள், ஜெயித்தாள், சிநேகிதிகளைக் கூட்டி வந்தாள். நர்ஸம்மா சீருடையைக்கூட மாற்றாமல் வந்து ஆடினார். வேலை கிடைக்காமல் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த பையன் ஒருவன், மூச்சு வாங்குகிறது என்று படியேறாத மனிதர் ஒருவர், இதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத எதிரெதிர் வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். செயலாளரே பேட்டும் கையுமாக அலைந்தார். சைக்கிள் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அதன் பிறகு அவர்கள் ஒருவரோடு ஒருவர் ஆடிப் பழகினார்கள். உண்மையாகவே நன்றாக ஆட வந்துவிட்டது. பல்செட்டின் முறை வருவது குறைந்துகொண்டே போனது. ஒரு ஆட்டம் ஆடுவார், தோற்பார், பெஞ்சில் போய் உட்காருவார். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். மணிக்கட்டுத் துணி எப்போதோ அவிழ்ந்துவிட்டது, அவர் ஒரு காலத்தில் எல்லாரையும் நொறுக்கியதும் யாருக்கும் நினைவில்லை.

வருஷக் கடைசியில் செயலாளர் ஒரு போட்டி அறிவித்தார். ஜோடி ஜோடியாக ஆட வேண்டும். அன்று கூடத்தில் ஒரே களேபரம். ஆளாளுக்கு ஜோடி பிடித்தார்கள். பல்செட் தன் பேட்டைத் துடைத்துக்கொண்டு நின்றார். யாராவது கூப்பிடுவார்கள் என்று நினைத்தார். ஜோடியாக ஆடும்போது கொஞ்சம் நிஜமாகவே ஆடலாம், கூட ஆடுபவருக்காகத்தானே என்றுகூட மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு ஹெட்போனிடம் போனார்.

"ஏம்மா, என்னோட சேர்ந்துக்கிறியா?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "இல்ல அங்கிள்... கடை அங்கிள் ஏற்கெனவே கேட்டுட்டார். தப்பா எடுத்துக்காதீங்க. ஜெயிக்கணும்ல?"

"ஆமாமா. ஜெயிக்கணும்தானே" என்றார் பல்செட்.

செயலாளர் தோளில் கை போட்டார். "சார், நீங்க ஸ்கோர் சொல்லுங்க. உங்க குரல் எடுப்பா இருக்கும்."

போட்டியன்று பல்செட் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களின் புள்ளிகளைச் சத்தமாகச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள், கத்தினார்கள், கட்டிக்கொண்டார்கள். கடைக்காரரும் ஹெட்போனும் ஜெயித்தார்கள். குழுப்படம் எடுக்க ஆள் தேவைப்பட்டது. அதையும் அவர்தான் எடுத்தார். படத்துக்குள் இவ்வளவு பேர் அடங்குகிறார்களே, இவர்களில் பாதிப் பேர் ஒரு வருஷம் முன்னால் லிஃப்டில்கூடப் பேசியதில்லையே என்று நினைத்தபோது பெருமையாக இருந்தது. வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. இரண்டும் நிஜம்தான்.

எல்லாரும் கலைந்துவிட்டார்கள். கடைக்காரர் மட்டும் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு நின்றார்.

"சும்மா ஒரு கேம் போடலாமா சார்?"

ஆடினார்கள். கடைக்காரர் ஜெயித்த மிதப்பில் இருந்தார். சடாரென்று ஒரு பந்து உயர எழும்பி, பல்செட்டின் எதிரே பழம் நழுவியதுபோல் வந்தது. அவர் கேட்காமலே தோள் திரும்பியது, கை பின்னால் போய் ஓங்கியது. ஒரே ஒரு அடி. அது போதும், தான் யார் என்று இந்த மனிதனுக்குத் தெரிந்துவிடும். மேசைக்கு அந்தப் பக்கம் கடைக்காரர் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, வாயைத் திறந்தபடி, சின்னப் பிள்ளை மாதிரிக் காத்திருந்தார்.

பல்செட் பந்தை வலையில் அடித்தார்.

"அடடா!" என்றார்.

கடைக்காரர் பேட்டை வைத்துவிட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். "சார், நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்களுக்கு ஆர்வம் நிறைய இருக்கு. பிடிதான் சரியில்ல. இன்னிக்கு உங்களை யாரும் சேர்த்துக்கலேன்னு எனக்கு மனசே கேக்கல. தினமும் சாயங்காலம் கடையைப் பையன்கிட்ட விட்டுட்டு வரேன். நான் கத்துத் தரேன். அடுத்த தடவை நீங்களும் நானும் ஒரு ஜோடி. நாளைக்கு வந்துடுங்க, என்ன?"

சொல்லிக்கொண்டே அவர் பல்செட்டின் கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பேட்டின் மேல் தப்பும் தவறுமாக மடித்து வைத்தார். ஒரு மனிதரின் கை தன் கையைப் பிடித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது என்பது பல்செட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் விரல்களை அசைக்கவில்லை.

"இப்படியா?" என்று கேட்டார்.