பதிமூன்று வேண்டும்

பத்தாவது கேள்விக்கு வந்ததும் அவள் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். பதினொன்றுதான் தேறியது. இன்னும் இரண்டு வேண்டும்.

கர்ப்பிணிகளின் மன அழுத்தத்தை அளக்க ஆஸ்பத்திரியில் மாதாமாதம் தரும் தாள் அது. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில், பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். பதிமூன்றைத் தொட்டவர்களுக்கு ஆலோசகர் அக்கா செவ்வாய்தோறும் போன் செய்வாள். நான்காம் மாதத்தில் இவள் உள்ளதை உள்ளபடி எழுதிப் பதினெட்டு வாங்கினாள். பள்ளிக்கூடத்தில்கூட எந்தப் பரீட்சையையும் இவ்வளவு நேர்மையாக எழுதியதில்லை. வீட்டுக்குத் தெரியாமல் லாரி டிரைவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அம்மா பேச்சை விட்டிருந்தாள். கணவன் மாதத்தில் இருபது நாள் சாலையில். வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில், பிரசவம் முடிந்து வா என்று அனுப்பிவிட்டார்கள். சில நாள் சாயங்காலம் பால்காரரிடம் பேசும்போதுதான் தன் குரலையே அன்றைக்கு முதல்முறையாகக் கேட்பாள்.

அக்கா போனில் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. சாப்பிட்டாயா, குழந்தை எந்தப் பக்கம் உதைக்கிறது என்று கேட்பாள். இவள் வாரம் முழுக்கச் சேர்த்துவைத்ததை இருபது நிமிடத்தில் கொட்டித் தீர்ப்பாள். மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது, பசித்தது, ஒருநாள் சிரிப்புகூட வந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. மதிப்பெண் இறங்கினால் போன் நின்றுவிடும், வரிசையில் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள் என்று நர்ஸ் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள்.

உண்மையை எழுதினால் ஏழு வரும். அங்கங்கே கூட்டிப்போட்டும் பதினொன்று. கடைசிக் கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியதா என்பது. 'சில நேரம்' என்ற கட்டத்துக்கு இரண்டு. அதில் டிக் அடித்தாள்.

நர்ஸ் கூட்டிப் பார்க்கவே இல்லை. அந்த ஒரு கட்டத்தைப் பார்த்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். டாக்டர் வந்தார். கணவனுக்குத் தகவல் போனது. அரைமணியில் அக்காவே நேரில் வந்துவிட்டாள். குரலை வைத்து நரைத்த தலையை நினைத்திருந்தாள் இவள். வந்தவளுக்கு இவளைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"நிஜமாவே தோணுச்சாம்மா?"

"இல்லக்கா. போன் நின்னுடுமேன்னு போட்டேன்."

அக்கா திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அருகில் உட்கார்ந்தாள். தன் பட்டியலில் நாற்பத்தொரு பேர் என்றும், அதில் ஒருத்தி இரண்டு வாரமாகப் போனை எடுக்கவில்லை என்றும் பிறகு சொன்னாள். இவள் புதுத் தாள் கேட்டு வாங்கினாள். ஏழு வந்தது. டாக்டர் தனியாக விசாரித்துவிட்டு அனுப்பிவைத்தார்.

மறுநாள் பகலில் தெருவை அடைத்துக்கொண்டு லாரி வந்து நின்றது. பாதி வழியில் லோடோடு திரும்பி, பதினாறு மணி நேரம் ஓட்டி வந்திருந்தான் கணவன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தான்.

"என்னன்னு சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

அவள் முதலிலிருந்து தொடங்கினாள். கண்ணாடிக் கடையைத் தாண்டுவதற்குள் அவன் தலை சுவரில் சாய்ந்துவிட்டது. உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான். அவள் நிறுத்தவில்லை, குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாள். வெளியே வழி கேட்டு யாரோ ஹாரன் அடித்தார்கள். நகர்ந்து உட்கார்ந்து, அவன் காதை உள்ளங்கையால் பொத்தியபடி மிச்சத்தைச் சொன்னாள்.