மைனஸ் பதினாறும் ரசமட்டமும்

"தரை குழிஞ்சா மேஸ்திரியைக் கூப்பிடணும்ணே. கண்ணாடிக் கடைக்கு வந்து என்ன பண்றது?"

"நான்தான் மேஸ்திரி."

கடைக்காரப் பெண் துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்தார். எதிரே நின்றவர் ஊரில் பாதி வீடுகளுக்கு டைல்ஸ் பதித்தவர். அவர் போட்ட தரையில் கோலிக்குண்டை எங்கே வைத்தாலும் அங்கேயே நிற்கும் என்பதால், மட்டம் பார்க்கும் கருவியின் பெயரே அவருக்கும் ஒட்டிக்கொண்டது. சொந்த அண்ணன்கூட ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார். அன்று அவர் சட்டைப் பையில் மனைவியின் பழைய கண்ணாடியும் புதுக் கண்ணாடியும் இருந்தன. கக்கத்தில் நிஜ ரசமட்டம்.

நடந்தது இதுதான். தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கும் அவர் மனைவிக்குக் கண்ணில் மைனஸ் பதினாறு பவர். புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனைவி வீட்டுக்குள் நுழைந்ததும், தரை கிண்ணம் போலக் குழிந்தது. அவர் கண்ணுக்கு மட்டும் குழிந்திருந்தால் தலைசுற்றல் என்று விட்டிருக்கலாம். எலுமிச்சம்பழங்கள் கூடத்தின் நடுவுக்கு உருண்டன. பக்கத்து வீட்டுப் பூனை சறுக்கி வந்து அவற்றின் மேல் உட்கார்ந்தது. ரசமட்டத்தின் நீர்க்குமிழி ஓரத்துக்கு ஓடி ஒளிந்துகொண்டது. மகன் வேலைக்கு வெளியூர் போனதிலிருந்து ஆளுக்கொரு சுவரோரம் கிடந்த இரண்டு கட்டில்களும் இரவில் மெல்ல நகர்ந்து நடுவில் வந்து முட்டிக்கொண்டன. காலையில் எழுந்ததும் மேஸ்திரி முணுமுணுத்தபடி தம் கட்டிலைச் சுவரோரம் தள்ளுவார். இரவில் அது திரும்பி வரும். முட்டிய சத்தத்தில் தூக்கம் கலைந்த இருவரும் வேறு வழியில்லாமல் பேசினார்கள். பின்கோடு எழுதாதவர்களைப் பற்றி அவர் மனைவி சொன்னார். டைல்ஸை அளக்காமல் வாங்கிவிட்டு மேஸ்திரியைத் திட்டுகிறவர்களைப் பற்றி அவர் சொன்னார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மனைவி போன இடமெல்லாம் தரை குழிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் தள்ளுவண்டி ஒன்று நோயாளியோடு தானே திரும்பிப் போனது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகள் எல்லாம் கரும்பலகையை விட்டு நடுவில் கூடின. எல்லாம் மேஸ்திரி போட்ட தரைகள். "ரசமட்டத்துக்கே மட்டம் தப்பிருச்சுப்பா" என்று டீக்கடையில் சிரித்தார்கள். பேசி முடித்திருந்த இரண்டு வேலைகள் கைநழுவின. மூன்றாவது வேலையும் போன அன்று மனைவி கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். பழையதோ கீறல் விழுந்து மங்கி, மாட்ட லாயக்கில்லாமல் கிடந்தது.

"நான் தடவிக்கிட்டு நடந்துக்கறேன். உங்க பேரு நிமிர்ந்து நிக்கட்டும்."

தரை உடனே சமமானது. ஆனால் மனைவி கடிதங்களை மூக்கில் ஒட்டிவைத்து முகவரி படிப்பதையும், வாசல் எது ஜன்னல் எது என்று சுவரைக் கேட்டுக் கேட்டு நடப்பதையும் பார்த்த ரசமட்டத்துக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே கடைக்கு வந்துவிட்டார்.

கடைக்காரப் பெண் அடியில் மூன்று ஊசிக்கால் வைத்த, சின்னக் கடிகாரம் போன்ற வளைவுமானியைப் புதுக் கண்ணாடியின் முன்பக்கத்தில் அழுத்தினார். பிறகு பழையதில் அழுத்தினார். பழையதில் முள் அசையவேயில்லை.

"தப்பு என்னோடதுண்ணே" என்றார். "பவர் சரிதான். இவ்வளவு பவருக்குக் குழி முழுக்கப் பின்பக்கம். முன்பக்கம் தட்டையாவும் விடலாம், கொஞ்சம் வளைச்சும் விடலாம். பவர் மாறாது. விளக்கைப் பார்த்தா ரெண்டா தெரியுதுன்னு அண்ணி சொன்னாங்க. தட்டைக் கண்ணாடியில அந்த நிழல் வரும். பாவமேன்னு வளைச்சுப் போட்டேன். அவங்க கண்ணு இத்தனை வருஷம் தட்டைக்குப் பழகினதுன்னு யோசிக்கல. சின்னப் பவர்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"என் தரை மேல தப்பில்லையே?"

"இல்லைண்ணே."

அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

தட்டை லென்ஸ் போட்ட கண்ணாடி வந்தது; வளைந்தது கடையிலேயே தங்கியது. மனைவி அதை மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி நடந்தார்; போன இடமெல்லாம் தரை மட்டமாகவே நின்றது. ஆஸ்பத்திரிக்காரர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். விளக்கின் நிழலும் திரும்பி வந்தது, இந்த முறை எல்லோர் கண்ணுக்கும். மனைவி பார்த்த ஒவ்வொரு தெருவிளக்கின் பக்கத்திலும் வெளிறிய குட்டி விளக்கு ஒன்று முளைத்தது. கரண்டு போனால் பெரிய விளக்குகள் அணைந்தன. குட்டிகளுக்கு அந்தச் சேதி எட்டாததால் அவை எரிந்துகொண்டே இருந்தன. பின்னாளில் மக்கள் அவரை வாசலுக்கு அழைத்து, "அக்கா, இந்தக் கம்பத்தையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க" என்பது வழக்கமானது. அவரும் முகம் சுளிக்காமல் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

நன்றிக்கு என்ன செய்வது என்று ரசமட்டம் யாரையும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டைல்ஸோடு வந்து, கண்ணாடிக் கடையின் பெயர்ந்த தரையை எடுத்துவிட்டுப் புதிது பதித்தார். கடைக்காரப் பெண் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஓரங்களைப் பூசி முடித்தார். நீர்க்குமிழி நட்டநடுவில் நின்றது.

அதையே பார்த்தபடி குந்தியிருந்தார். வீட்டிலும் குமிழி இப்படித்தான் நின்றது. கட்டில்களும் ஆளுக்கொரு சுவரோரம், வைத்த இடத்திலேயே நின்றன. பின்கோடு எழுதாதவர்கள் இந்த வாரம் என்ன செய்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் தள்ளித் தள்ளி வைத்தவர் எந்த முகத்தோடு கட்டிலை இழுத்துப் போடுவது?

ரசமட்டத்தைத் துணியில் சுற்றினார். பிரித்தார். மறுபடி சுற்றினார்.

"தங்கச்சி, அந்த வளைஞ்ச கண்ணாடியைத் தூக்கிப் போட்டுட்டியா?" என்றார், தரையைப் பார்த்தே. "இருந்தா குடேன். ராத்திரிக்கு மட்டும்."