புகைக்குப் போகும் பெட்டி

சென்னையிலிருந்து வந்த ராஜாராம் தகரப் பெட்டியைத் திறந்ததுமே மூக்கைச் சுளித்தார். என் மகன் சந்திரநாதனின் பெட்டி அது. 1961இல் அவனும் நண்பர்களும் சென்னையில் ஒரு மண்டபம் பிடித்து நவீன ஓவியக் கண்காட்சி நடத்தினார்கள். குழந்தை மையைக் கொட்டியதுபோல் இருக்கிறது என்று ஒரு பத்திரிகை எழுதியது. ஆறு வருஷம் கழித்து அதையே சரித்திரம் என்கிறார்கள். ஓவியர் சங்கம் ஒன்று அதற்கெனத் தனி அறை ஒதுக்கி, அதில் வைக்கும் காகிதங்களைச் சேகரிக்க ராஜாராமை வீடு வீடாக அனுப்புகிறது. பார்க்க என் மகன்தான் இல்லை. காமாலையில் போய்விட்டான்.

அவன் படங்கள் எனக்கு விளங்கியதில்லை. செஞ்சிக் கோட்டை என்பான். பார்த்தால் வெறும் பாறைதான் இருக்கும். ஆனாலும் அந்த அறையில் எங்கள் குடும்பத்தின் பெயர் இருந்தாக வேண்டும்.

பெட்டியில் அழைப்பிதழ், படப் பட்டியல், புகைப்படங்கள், திறப்பு விழாவன்று அவன் சட்டையில் குத்திய துணிப்பூ. பத்திரிகைத் துண்டுகளை மருமகள் ஜெயமாலா கஞ்சிப் பசையால் அட்டையில் ஒட்டி வைத்திருந்தாள். அந்தப் பசைக்குத் தாளரிக்கும் ராமபாணப் பூச்சி வந்திருந்தது.

“கவலைப்படாதீங்க ஐயா. அங்க போனதும் மருந்துப் புகையில வெச்சிடுவோம். ஒண்ணுகூட மிஞ்சாது” என்றார் ராஜாராம்.

நாங்கள் சமணர்கள். வடிகட்டாத தண்ணீரைக் குடிக்காத வீடு. விளக்கில் விட்டில் விழுமென்று பொழுதிருக்கவே உண்டு முடிக்கும் வீடு. என் மகன் பெயரைக் காப்பாற்ற ஒரு பெட்டி உயிரைக் கொல்வதா?

“பொகை வேணாம். மயிலெறகால உசுரு நோவாம நானே தட்டித் தர்றேன்” என்றேன்.

“முட்டை இருக்குமே ஐயா. உங்க பெட்டியால மத்தவங்க பேப்பரும் போயிடும். புகை போடாம உள்ள விட மாட்டாங்க.”

“அப்ப பெட்டி இங்கயே இருக்கட்டும்.”

ஜெயமாலா உள்ளிருந்து வந்தாள். “இங்கயே இருந்து இன்னா ஆவும் மாமா? பட்டியல்ல அவரு பேரைப் பாதி தின்னுட்டுது, பாத்தீங்களா?”

“வெரதம் காத்த வூடும்மா இது.”

“கொசுவுக்கு வேப்பிலை மூட்டம் போடறீங்களே, அது?”

“அது வெரட்டறது.”

“வெரட்டினது எங்க போயி குடித்தனம் பண்ணுதாம்?”

ராஜாராம் சிரிப்பை இருமலாக்கினார். வெளியாள் முன்னால் என் வீட்டில் எனக்கு எதிர்ப்பேச்சு!

அவள் குரல் இறங்கியது. “பூச்சி பொழைச்சா அவரு இன்னொரு வாட்டி சாவாரு மாமா. என் வூட்டுக்காரரு பெட்டி. நான் குடுக்கறேன். பாவம் எனக்கே வரட்டும்.”

ராஜாராம் நீட்டிய தாளில் கையெழுத்தும் அவளே போட்டாள். நான் மயிலிறகை எடுத்து வந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு தாளாக விரித்துத் தட்டினேன். வெள்ளி நிறத்தில் சில உதிர்ந்து சுவரோரம் ஓடின. சில தாளுக்குள்ளேயே புகுந்துகொண்டன.

“திண்டிவனம் பஸ் போயிடும் ஐயா” என்றார் ராஜாராம்.

“இரும்யா!”

இரண்டு புகைப்படங்களைத் தட்டும்வரை பொறுத்தார். பிறகு மூடியைத் தாழ்த்தினார். பாதிகூட முடியவில்லை. கையை எடுத்துக்கொண்டேன்.