நான்காவது எண்

ஏரிக்கரை முகாமின் முதல் காலையில், ஒவ்வொரு நாட்டுக் குழுவும் தன் மொழியிலேயே ஆள் எண்ண வேண்டும் என்று முகாம் தலைவி சொன்னார். வந்திருந்த சாரணர்களுக்கு இடையே பழக்கம் ஏற்பட அது ஒரு விளையாட்டு. கொடிக்கம்பத்தின் முன்னால் முதல் குழு எண்ணி முடித்ததும் மற்றவர்கள் கை தட்டினார்கள். அடுத்தது நம் பிள்ளைகள்.

"ஒண்ணு" என்றான் லீடர்.

"ரெண்டு." "மூணு."

ஒரு மூச்சு விடும் நேரம் யாரும் பேசவில்லை.

"அஞ்சு" என்றாள் வாயாடி. வரிசை எட்டில் போய் நின்றது.

அணியில் பதிவு செய்தபோது எட்டுப் பேர். விமானம் ஏறியது ஏழு பேர். நான்காவது ஆள் லீடரின் தம்பி. பொடியன் என்றால்தான் பள்ளியில் தெரியும். பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பு காய்ச்சல் என்று படுத்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே போய்விட்டான்.

அதற்குப் பிறகு நடந்த முதல் அணிவகுப்பில், நான்காவது இடம் வந்தபோது வாயாடிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. லீடர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது அவனுது. நீ அஞ்சு" என்றான். மாஸ்டர் கேட்டுக்கொண்டுதான் நின்றார். விளையாட்டு ஆசிரியர் அவர். வரிசை கோணினாலே கத்துகிறவர். அன்று ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே அது வழக்கமாகிவிட்டது. நான்கில் எல்லாரும் ஒரு மூச்சு பொறுப்பார்கள், பிறகு ஐந்து.

லீடர் பயணம் வர மறுப்பான் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். அவன் மறுக்கவில்லை. "அவன்தான் குதிச்சுக்கிட்டுக் கெடந்தான். நீயாச்சும் போய்ப் பாத்துட்டு வா" என்று அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னாள். சரி என்றான். விமான நிலையத்தில் பைகளைச் சரிபார்த்தான், சின்னவர்களுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். விமானத்தில் வாயாடி, "லீடர், வெளிய பாரேன், யாரோ உங்க வீட்டு மெத்தையப் பிச்சுப் போட்டிருக்காங்க" என்றாள். அவன் மேகத்தைப் பார்த்து, "ஆமா" என்றான். சாப்பாடு எப்படி என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பான். தட்டு அப்படியே இருக்கும்.

முகாம் தலைவி நீச்சல் பயிற்சியாளர். மொழி புரியாவிட்டாலும் தாளம் தவறியது அவருக்குக் கேட்டது. விரலைச் சுழற்றி, மறுபடி என்றார். மறுபடியும் மூன்றுக்குப் பிறகு அதே இடைவெளி. கையிலிருந்த தாளைப் பார்த்தார். அது பழைய தாள்; அதில் எட்டுப் பெயர். நின்றவர்களைத் தலை தலையாக எண்ணினார். பிறகு, இல்லாதவனின் பெயரை நாக்கு சுளுக்க உரக்க வாசித்து, எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மாஸ்டர் அங்கே இல்லை. விமானத்தில் வராமல் போன ஒரு பைக்காக அலுவலகத்தில் தொலைபேசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"நீதான் இங்கிலீஷ்ல வெளுத்து வாங்குவியே, சொல்லேன்" என்று குண்டூசி வாயாடியிடம் கிசுகிசுத்தான். எட்டாவது ஆள், அணியிலேயே ஒல்லி.

"நீ சொல்லுடா."

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் உன்னக் கெஞ்சறேன்?"

வாயாடிக்கு அந்தச் சொல் தெரியும். ஆனால் லீடர் இரண்டு ஆள் தள்ளித்தான் நின்றான். அவன் காதுபட அதைச் சொல்வதில்லை என்பது, யாரும் கூடிப் பேசாமலே அவர்கள் எடுத்திருந்த முடிவு. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்களும் குனிந்துகொண்டார்கள். லீடர் மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தலைவியின் பார்வை பிள்ளைகளை விட்டு ஏரிப் பக்கம் போனது.

ஆள் காணோம் என்பதற்கான சங்கு ஊதியது. அதன் பிறகு எல்லாம் ஒத்திகை பார்த்த மாதிரி நடந்தது. ஒரு கூட்டம் கூடாரங்களுக்கு ஓடியது, ஒரு கூட்டம் கழிவறைகளுக்கு. இரண்டு பேர் படகைத் தள்ளினார்கள். பெரியவர்கள் கரையோரம் தோளோடு தோள் நின்று, முழங்கைகளைக் கோத்துக்கொண்டு, ஒரே வரிசையாக ஏரிக்குள் இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீரில் ஓர் அடி வைத்து, காலால் சேற்றைத் துழாவி, அடுத்த அடி. சமையல்காரர் மாவு ஒட்டிய ஏப்ரனோடு இறங்கியிருந்தார். வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. லீடர் போய் அதில் கை கோத்துக்கொண்டான்.

எல்லாரும் பொடியனின் பெயரைக் கூப்பிட்டார்கள். பள்ளிப் பதிவேட்டில் மட்டுமே இருந்த முழுப் பெயர். ஒருவர் முதல் எழுத்தை விழுங்கினார், ஒருவர் கடைசியை இழுத்தார். சிறிது தூரம் போனதும் லீடரும் கூப்பிட ஆரம்பித்தான். அவன் ஒருவன்தான் சரியாகக் கூப்பிட்டான்.

மாஸ்டர் ஓடி வந்தபோது வாயாடி கரையில் அழுதுகொண்டிருந்தாள். "யாருடி காணோம்?" என்றார். அவள் தண்ணீரைக் காட்டினாள். லீடரின் குரல் அவருக்குக் கேட்டது. ஷூவைக் கழற்றாமலே இறங்கினார்.

"டேய், வெளிய வா."

"இந்தப் பக்கம் இன்னும் முடியல சார்."

"லீடர்."

"தேடட்டுமே சார், இன்னும் கொஞ்ச நேரம்."

அவன் முகத்தில் எதுவும் இல்லை. கால் மட்டும் அடியில் துழாவிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அவனை இழுக்கவில்லை. வரிசையைச் சுற்றி நடந்து தலைவியிடம் போய், அவர் காதருகே குனிந்து சொன்னார். தலைவி இரண்டு முறை கேட்டார். பிறகு கையை உயர்த்தினார். கூப்பிடும் குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியாக லீடருடையதும் நின்றது. சமையல்காரர் மட்டும், கரை ஏறும்வரை அவன் கையை விடவில்லை.

கரையில் தலைவி ஈர உடையோடு உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். மாஸ்டரும் கேட்டார். எண்ணிக்கையில் ஓர் இடம் விட்டால் தங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று தலைவி விளக்கினார். சாயங்காலம் எண்ணும்போது இடைவெளி வரக் கூடாது. வந்தால், விஷயம் தெரிந்தும்கூட, தன்னால் சும்மா நிற்க முடியாது என்றார்.

சமையல் கூடத்தின் பின்னால் லீடர் சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தான். மாஸ்டர் பக்கத்தில் ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"வீட்ல யாரும் அவன் பேரு சொல்றதில்ல சார்" என்றான் லீடர்.

"தெரியும்டா."

"நான் சத்தமாக் கூப்பிட்டேன்."

"கேட்டுச்சு."

மாஸ்டர் ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். "சாயங்காலம் மறுபடி எண்ணணுமாம். நடுவுல விடக் கூடாதாம். நீ மாட்டேன்னா நான் பேசிப் பாக்கறேன். நம்மள எண்ணாம விட்டுடச் சொல்றேன்."

லீடர் இன்னொரு சாக்ஸையும் பிழிந்தான்.

"எல்லாரும் எறங்கித் தேடினாங்கல்ல சார்?"

"ஆமா."

"சமையக்காரர்கூட."

"ஆமாடா."

"சரி. வாயாடிய நாலு சொல்லச் சொல்லுங்க."

சாயங்காலம் கொடிக்கம்பத்தின் முன்னால் மறுபடி வரிசை கட்டினார்கள். விஷயம் முகாம் முழுக்கத் தெரிந்திருந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு. வாயாடி தலையைச் சாய்த்து வரிசையின் தொடக்கத்தைப் பார்த்தாள்.

"சொல்லு" என்றான் லீடர்.

"நாலு" என்றாள் அவள், தனக்கே கேட்காத குரலில். அடுத்தவன் ஐந்து என்றான். அதற்கடுத்தவன் ஆறு. குண்டூசி அவசரத்தில் எட்டு என்று ஆரம்பித்து, ஏழு என்று திருத்திக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை. தலைவி தலையசைத்துவிட்டு அடுத்த குழுவின் பக்கம் திரும்பினார்.

அவர்கள் தங்கள் மொழியில் எண்ணத் தொடங்கினார்கள். லீடர் உன்னிப்பாகக் கேட்டான். ஒவ்வொரு சொல்லையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான். மூன்று வரைக்கும் பிடி கிடைத்தது. அதன் பிறகு அவர்கள் வேகமாகப் போய்விட்டார்கள்.